படையெடுத்து வந்த கதை போதும். பிழைக்க வந்த கதை எங்கே?

நம் சங்க விழாக்களில் மேடையேறும் பேச்சாளர் யாவராயினும் அவர்தம் உரையில் ஒரு செய்தி தவறாது இடம்பெறுகிறது. இராசேந்திர சோழன் கடல் கடந்தான். அவன் கலங்கள் இத்தீவுகளைக் கண்டன. ஆதலின் நாம் இங்கு வந்தேறிகள் அல்லர், உரிமையாளர் என்பதே அச்செய்தி. மண்டபம் அதிரக் கைதட்டுகிறோம். விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் நம் பிள்ளையைப் பார்த்து, "உன் பாட்டனார் எந்த ஊரினின்று, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் இங்கு வந்தார்?" என்று கேட்டால் அவன் விழிக்கிறான். சோழன் வந்த ஆண்டு 1025 என்பது மட்டும் அவனுக்குத் தெரிகிறது.

இம்முரண்பாடு நெடுநாளாக எம் உள்ளத்தை உறுத்தி வந்தது. கடந்த ஓராண்டில் யாம் படித்தனவும் மீண்டும் படித்தனவுமாகிய சில நூல்கள் அவ்வுறுத்தலுக்கு ஒரு வடிவம் தந்தன. யாம் திறனாய்வாளர் அல்லேம். பகலெல்லாம் கோப்புகளில் குறிப்பெழுதி, இரவில் நூல் புரட்டும் மத்திய அரசு எழுத்தர். ஆயினும் படித்தவன் தன் கருத்தைச் சொல்ல உரிமையுடையவன் அன்றோ? எம் கருத்து இது: தமிழ் நாவல் நம்மை எழுதவில்லை, அதனினும் பெருங்குற்றம், நாமே நம்மை எழுதவில்லை.

முதற்கண் நாம் கொண்டாடும் வரலாற்று நாவல்களை எடுத்துக்கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 1963இல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' ஆகியவற்றை இளமையில் உறக்கம் துறந்து படித்தோம். இப்பொழுதும் மீண்டும் படித்தோம். ஒரு தலைமுறையையே தமிழ் படிக்க வைத்த நூல்கள் அவை. அந்நன்றியை யாம் மறந்தோம் அல்லேம். எனினும் நாற்பது வயதைக் கடந்த கண்களுக்கு அந்நாவல்களின் கப்பல்களில் ஒரு குறை தென்படுகிறது. மேல்தளத்தில் இளவரசன் நிற்கிறான். படைத்தலைவன் சூள் உரைக்கிறான். அழகி ஒருத்தி அலைகளை நோக்கி ஏங்குகிறாள். கீழ்த்தளத்தில் நீர் இறைத்தவன் யார்? துடுப்பு வலித்துத் தோள் இற்றவன் யார்? அவன் ஊரில் அவன் மனைவி எத்தனை ஆண்டு காத்திருந்தாள்? இவற்றைப் பற்றி அந்நாவல்கள் மிகுதியாகக் கவலைப்படவில்லை. சென்னைத் துறைமுகத்தினின்று மூன்று நாள் கப்பலின் அடித்தளத்தில், வாந்தி நாற்றத்துக்கிடையே பாய் விரித்துப் படுத்து வந்த குடும்பங்களுக்கு அக்கப்பல்களில் இடம் எங்கே?

வரலாறு என்ன கூறுகிறது என்பதையும் நோக்குவோம். தஞ்சைப் பெருங்கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற இடங்களை வரிசையாக அடுக்குகிறது. சிறீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என நீளும் அப்பட்டியலில் மாநக்கவாரம் என்னும் பெயரும் உண்டு. நிக்கோபாரே அது என அறிஞர் கொள்வர். ஒரு பெயரும் அதற்கோர் அடைமொழியும், அவ்வளவே அங்கு நம் தீவுகளுக்குக் கிடைத்த இடம். 'சோழர்' என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் எழுதிய நீலகண்ட சாஸ்திரியாரும், அப்படையெடுப்பால் கடலுக்கு அப்பால் நிலையான சோழ ஆட்சி நிறுவப்பட்டதாகக் கொள்ளவில்லை. வென்றான், திரும்பினான் என்பதே வரலாறு. தங்கினான், ஆண்டான், நமக்கு விட்டுச் சென்றான் என்பது மேடை.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் சூட்டப்பட்டபோது சோழர் கடற்படையின் பெயரும் எடுத்துரைக்கப்பட்டது. பெயர் சூட்டுதல் அரசின் உரிமை. அரசின் ஊழியராகிய எமக்கு அதுபற்றி இங்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அச்செய்தி கேட்டுப் பட்டாசு வெடித்த நம் நண்பர் ஒருவரை, "சோழன் எந்த அரசை எதிர்த்து வந்தான்?" என்று வினவினோம். அவர் அறியார். சிறீவிசயம் என்பதே அவ்வரசின் பெயர் என்று கூறியபோது அவர் நம்பவில்லை. பெருமை இருக்கிறது; படிப்பு இல்லை. எமது வழக்கு அவ்வளவே.

இன்னொன்றும் கேட்டோம். வ.உ. சிதம்பரனார் இங்குள்ள செல்லுலார் சிறையில் செக்கிழுத்தார் என்று ஒருவர் உருக்கமாக உரைத்தார். கேட்டவர் கண்ணீர் மல்கினர். 1908இல் அப்பெரியாருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. அவர் அடைபட்டிருந்ததோ கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் ஆகும். செக்கிழுத்தது கோவைச் சிறையில். இதனை அறிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. தம் சிறைவாழ்வைத் தாமே 'சுயசரிதை'யாகச் செய்யுளில் எழுதி வைத்திருக்கிறார். தம் துன்பத்தைத் தம் கையால் எழுதி வைத்த ஒருவருக்கே நாம் செய்யும் மரியாதை இதுவாயின், எழுதாமல் மாண்டவர் கதி என்னாகும்?

சோழனைச் சொல்லி உரிமை பேசுவோர் மறந்துவிடும் மற்றொரு கூட்டமும் உண்டு. நாம் வருவதற்கும், சோழன் வருவதற்கும், ஆங்கிலேயன் வருவதற்கும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இங்கு வாழ்ந்தவர்கள் அந்தமானியரும் ஓங்கிகளும் ஜாரவாக்களும் சென்டினலியரும்; தெற்கே நிக்கோபாரியரும் ஷாம்பென்களும். மதுஸ்ரீ முகர்ஜி 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலும், பங்கஜ் சேக்சரியாவின் கட்டுரைகளும் அவர்கள் எவ்வாறு குறுகிப் போயினர் என்பதை விரித்துரைக்கின்றன. அவற்றைப் படித்த இரவில் உறக்கம் வரவில்லை. நம் வீட்டு மனைகளும் தோட்டங்களும் காடு வெட்டி ஆனவை அல்லவா? 2010 சனவரி 26ஆம் நாள் போவா மூதாட்டியார் இங்கு மறைந்தபோது, அவருடன் 'போ' என்னும் மொழியும் மறைந்தது. அம்மொழியை இறுதியாகப் பேசியவர் அவரே. அவர் பேச்சைப் பதிவு செய்தவர் மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி. பேசுவதற்குத் துணையின்றி அம்மூதாட்டி பறவைகளிடம் தம் மொழியில் பேசுவார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு மொழி எப்படி அடங்குகிறது என்பதை உலகம் கண்டது நம் கண்ணெதிரே, நம் தீவில். தமிழுக்கு அந்நிலை வாராது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி இது. ஆனால் இத்தீவில், நம் வீட்டில், நம் பேரன் நாவில் அது அடங்குவதற்கு ஒரு தலைமுறையின் சோம்பலே போதும்.

இனி, யாம் போற்றும் நூல்களுக்கு வருவோம்.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தோம். சிங்கம்புணரியிற் பிறந்து, இந்தோனேசியாவுக்குப் பிழைக்கச் சென்று, பின்னர் மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணிபுரிந்தவர் அவர். 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல்லாண்டு காத்திருந்து 1972இல் தான் அச்சேறிற்று. மெடான் நகரத்துத் தெருக்களும், பினாங்கின் வட்டிக்கடைகளும், பெட்டியடிப் பையன்களும், கடலோடும் தொங்கான்களும் அவற்றில் உயிர் பெற்று உலவுகின்றன. 'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா ஓர் அடுத்தாள், கணக்கெழுதிப் பிழைப்பவன். போர்க்காலத்தில் நேதாஜியின் படையிற் சேர்ந்தவன் என்பதற்காகவே முதலாளி அவனுக்குத் தம் மகளைக் கொடுக்க மறுக்கிறார். கடல் கடந்த தமிழனின் வீரமும் அவன் கூடவே கொண்டு சென்ற சாதி, காசு, கணக்கு ஆகிய சிறுமைகளும் ஒருங்கே எழுதப்பட்டிருப்பதைத் தமிழில் யாம் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். மேடைக்கு உதவாத நூல் அது; எமக்கு அது கண்ணாடி.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. சப்பானியர் மெடானுக்குள் நுழைந்ததைச் சிங்காரம் எழுதினார். அதே போரில், 1942 மார்ச்சு 23ஆம் நாள், சப்பானியர் நம் தீவுகளிலும் இறங்கினர். மூன்றரை ஆண்டுகள் இங்கு இருந்தனர். 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி இங்கு மூவண்ணக்கொடி ஏற்றினார். அடுத்த மாதமே மருத்துவர் திவான் சிங் சித்திரவதையால் உயிர் துறந்தார்; ஹம்ப்ரிகஞ்சில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருபுறம் கொடி, மறுபுறம் குழி. இதனைக் கண்ட கண்கள் அக்காலத்தில் இங்கு இருந்தன. அவற்றுள் தமிழ்க் கண்களும் இருந்திருக்கும். எழுதிய கை எது? நமக்குள் ஒரு சிங்காரம் எழவில்லை. எழாதது மட்டுமன்று, சிங்காரத்தைப் படித்தவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றி இரண்டு நூல்களைக் குறிப்பிட விரும்புகிறோம். ஒன்று, புதுமைப்பித்தனின் நெடுங்கதையாகிய 'துன்பக்கேணி'. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் கதை அது. மற்றொன்று, வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 'எரியும் பனிக்காடு' என இரா. முருகவேள் அதனைத் தமிழில் தந்தது 2007இல். தமிழ்க் கூலியின் குருதியால் எழுதப்பட்ட கதை தமிழுக்கு வர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின! பின்னர் அது 'பரதேசி' என்னும் திரைப்படத்துக்கு அடிப்படையான பிறகே நம்மிற் பலர் அதன் பெயரைக் கேட்டனர். மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் அம்மக்களுக்குள்ளிருந்தே எழுதினர். அவர்களை நம் நூலக அடுக்குகளில் யாம் தேடினோம், காணவில்லை. சோழர் நாவல்கள் மூன்று படிகள் இருந்தன.

மலையகத்தை இங்கு ஏன் இழுக்கிறீர் என்று கேட்பீராயின், கச்சால் தீவை நினைவூட்டுவோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கை கூறிற்று. எழுதப்படிக்கத் தெரியாத இலட்சக்கணக்கானோரின் வாழ்வு இரண்டு கையொப்பங்களில் முடிந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் 1970களில் கச்சாலின் இரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தேயிலையிலிருந்து இரப்பருக்கு, ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு. இதனைக் காட்டிலும் பெரிய காப்பியப் பொருள் தமிழ் நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? அதைக் கையிலெடுத்த ஒரு தமிழ் நாவலை யாம் இதுவரை கண்டோம் அல்லேம்.

இங்கு எம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கச்சால் பேரழிவைக் கண்டது. நிக்கோபாரிய மக்கள் பல்லாயிரவர் தம் உற்றாரை இழந்தனர். அடுத்த ஆண்டு, நிவாரண முகாம் ஒன்றில் படிவங்களை நிரப்பும் பணி எமக்கு வாய்த்தது. யாம் பணியில் சேர்ந்த புதிது. எழுபது வயது மதிக்கத்தக்க தமிழ் மூதாட்டி ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். தாள்கள் வைத்திருந்த தகரப்பெட்டி அலையோடு போயிற்று என்றார். 'முந்தைய முகவரி' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டோம். அட்டனுக்கருகே ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். மண்டபம் முகாமைச் சொன்னார். கச்சால் குடியிருப்பைச் சொன்னார். இப்போதிருக்கும் கூடாரத்தின் எண்ணைச் சொன்னார். படிவத்தில் ஒரு வரியே இருந்தது. "நாலு ஊரை ஒத்தை வரியில எப்படித் தம்பி எழுதுவீங்க?" என்றார். யாம் 'கச்சால்' என்று மட்டும் எழுதினோம். அவரோ விடாமல் பேசினார். தலைமன்னாரில் கப்பலேறிய நாளைச் சொன்னார். மண்டபத்தில் புதைத்த குழந்தையைச் சொன்னார். பின்னே வரிசை நீண்டிருந்தது. "பிறகு வாருங்கள் அம்மா, கேட்கிறேன்" என்றோம். பிறகு அவர் வரவில்லை. சில திங்களில் இறந்துவிட்டதாகக் கேள்வியுற்றோம். படிவம் இன்றும் ஏதோ ஒரு கட்டில் இருக்கும். அவர் சொன்னது எங்கும் இல்லை.

பிறமொழியினரைப் பாருங்கள். செல்லுலார் சிறையில் கிடந்த வங்கத்துப் பாரீந்திர குமார் கோசும், உபேந்திரநாத் பந்தோபாத்தியாயரும் விடுதலையானதும் தம் சிறைவாழ்வை எழுதினர். மராத்தியில் சாவர்க்கர் எழுதினார். வங்கப் பிள்ளைகள் படிப்பதற்கென்று சுனில் கங்கோபாத்தியாய் நம் தீவுகளைக் களமாக்கி ஒரு சாகசக் கதையே எழுதினார். அது திரைப்படமும் ஆயிற்று. நம்மவர் கொடுத்தவை எவை? 1952இல் 'அந்தமான் கைதி', 1978இல் 'அந்தமான் காதலி'. தாயகத் தமிழனுக்கு அந்தமான் ஒன்று சிறை, அல்லது தேனிலவு. கி. ராஜநாராயணனின் கோபல்ல வரிசையில் மூன்றாம் நூல் 'அந்தமான் நாயக்கர்' என்று பெயர் கொண்டது. அங்கும் அந்தமான் ஒருவர் போய்த் திரும்பும் இடமே. கதையின் வேர் கரிசல் மண்ணில். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். திரும்பிப் போகாமல் இங்கேயே மீன் விற்றும், சாலை போட்டும், கொத்து வேலை செய்தும், அலுவலகங்களில் குமாஸ்தாவாக அமர்ந்தும் வாழும் இந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எந்தக் கதையில் இருக்கிறோம்?

"நாம் உழைக்க வந்தவர்கள், எழுத்தாளர்கள் அல்லர்" என்று கூறுவாரும் உளர். அவர்களுக்கு அதே ராஜநாராயணனை விடையாகத் தருவோம். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத விவசாயி அவர். 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராம'த்தில் அவர் செய்ததென்ன? புலம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கதையை, தள்ளாத வயதுடைய மங்கத்தாயாரு அம்மாள் என்னும் பூட்டியின் வாயால் சொல்ல வைத்தார். எப்படி ஓடிவந்தோம், எந்த ஆற்றைக் கடந்தோம், எந்தக் காட்டைத் திருத்தினோம் என்று பாட்டி சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அவ்வளவுதான். அது நாவலாயிற்று. அத்தகைய பாட்டிகள் நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். கேட்கும் பேரப்பிள்ளைகளைத்தான் காணோம்.

"சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்து எழுதட்டுமே" என்பது மற்றொரு சாக்கு. அவர் வருகிறார். மூன்று நாள் தங்குகிறார். சிறையைப் பார்க்கிறார், ஒலி ஒளிக் காட்சியில் கண் கலங்குகிறார், ஹேவ்லாக் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்கிறார். நாமும் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். அவரை யாம் குறை கூறவில்லை. விருந்தினர் வீட்டின் முகப்பைத்தான் பார்ப்பார். அடுக்களையின் கதையை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

ஆகவே சங்கப் பெரியோர்க்கு எம் வேண்டுகோள் இது. அடுத்த மலரில் வாழ்த்துச் செய்திகளையும் வணிக விளம்பரங்களையும் எமது கட்டுரை போன்றவற்றையும் பாதியாகக் குறையுங்கள். மீந்த பக்கங்களில் இத்தீவுக்கு முதலில் வந்த தலைமுறையினர் வாய்மொழியாகச் சொல்வதை, அவர்கள் பேச்சுத் தமிழிலேயே, பிழை திருத்தாமல் அச்சிடுங்கள். நூலகத்துக்கு நாலாவது 'பொன்னியின் செல்வன்' வாங்கும் பணத்தில் சிங்காரத்தையும் டேனியலையும் மலையக எழுத்தாளரையும் வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறீர்களே, 'கடல் கொண்ட தமிழர் பெருமை' என்ற தலைப்பை ஓராண்டு விட்டுவிட்டு, 'எங்கள் வீடு இத்தீவுக்கு வந்த கதை' என்று கொடுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையும் அதற்காகப் பாட்டியிடம் போய் அமரும். அமர்ந்தால் கேட்கும். கேட்டால் மொழி வரும்.

தொடக்கத்தில் பிள்ளையின் அறியாமையைப் பற்றிப் பேசினோம். உண்மையில் அது எம் அறியாமையே. எம் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்தினின்று துறைமுக வேலைக்குக் கூலியாக வந்தவர். எந்தக் கப்பலில் வந்தார் என்று அவரிடம் யாம் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்க அவர் இல்லை. இராசேந்திரனின் படை சென்ற வழியைப் படம் வரைந்து காட்ட எம்மால் இயலும். எம் தந்தை வந்த வழி எமக்குத் தெரியாது.

தாயார் இருக்கிறார். எழுபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் அவரருகே அமரத் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் அவர் சிரித்தார், "இதையெல்லாம் போய் எழுதுவாங்களாக்கும்?" என்றார். ஆம் அம்மா, இதைத்தான் எழுத வேண்டும். சோழனுக்கு மெய்க்கீர்த்தி எழுதப் புலவர் இருந்தனர். உங்களுக்கு நாங்கள்தாம் இருக்கிறோம்.